நான் பாதியாக எழுதிய தோட்டம்

நேற்று அரைத்த மாவு இன்று காலை பொங்கி வழிந்து அடுப்படியெல்லாம் ஒரே புளிப்பு வாடை. பெரிய சட்டிக்கு மாற்ற மறந்தது நானாம், வீட்டுக்காரி திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டு என் காதில் ஏறினால்தானே! அந்தப் புளிப்போடு கொஞ்சம் புகையைச் சேர்த்தால் அப்படியே ரப்பர் ஷீட்டு வாசம். வெள்ளைக்காரன் காலத்தில், இந்தத் தீவின் சூலியா தெருவில் ராவுத்தர் முதலாளியின் ரப்பர் கடைக்குள் இந்த வாசத்தில்தான் என் வாலிபம் கழிந்தது.

அங்கே நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. இங்கிலீஷ் அரைகுறை, தலைக்கனம் முழுசு. சர்க்கார் பாரம் எது வந்தாலும் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். நானும் பெரிய லாயர் கணக்காகப் பேனாவை உதறிக்கொண்டு உட்காருவேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரயிலேறி, படகேறி ஷீட்டு கொண்டுவருவார் செல்லம்மா அக்கா. புருஷன் ரயில் பாதையில் உழைத்து வாங்கிப்போட்ட மூன்று ஏக்கர் ரப்பர் பால்மரம். அவர் போனபின் அக்காவே பால் வெட்டி, உறையவைத்து, புகைபோட்டு, தலையில் சுமந்து வருவார். வேறு பிழைப்பு கிடையாது.

ஒரு தடவை தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பாரம் வந்தது, எத்தனை மரம் என்று கேட்டு. எதற்கென்று யார் சொன்னார்கள்? அக்கா ஒவ்வொரு மரமாகத் தொட்டு எண்ணி, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஒண்ணுகூட விடல தம்பி. அப்படியே எழுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சர்க்கார் எண்ணினால் வரிக்குத்தானே? "நான் பாத்துக்கிறேன்லா, அக்கா" என்றேன். பாதி மரத்தைத்தான் எழுதினேன். அவரிடம் மூச்சு விடவில்லை. உதவி செய்கிறேனாம்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ரப்பர் மலிந்து விலை விழுந்துவிட்டதாம். விலையைத் தூக்க லண்டன் துரைமார் போட்ட திட்டம் அது. பாரத்தில் எழுதிய மரத்துக்குத் தக்கபடி கூப்பன், கூப்பனுக்குத் தக்கபடிதான் விற்பனை. கூப்பன் இல்லாமல் ஒரு ஷீட்டு வாங்கினாலும் கடைக்குச் சீல்.

விலை ஏறத்தான் செய்தது. அக்காவுக்கு என்ன லாபம்? பாதிச் சரக்கு வீட்டில் கூரைவரை அடுக்கிக் கிடந்து பூசணம் பிடித்தது. பக்கத்துத் தோட்டக்காரர் கத்தியையே தொடாமல் கூப்பனை மட்டும் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டிருந்தார். ஆமாம், கூப்பனுக்கே தனிச் சந்தை வந்துவிட்டது!

மிச்ச ஷீட்டையும் வாங்கச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினேன். "என் கையில என்னப்பா இருக்கு?" என்றார். நிஜம்தான். கூப்பன் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த கிராணி பாரத்தை எடுத்துக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றான். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன்.

கடைசியில் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கே அக்கா நிலத்தை விற்றார். அதே மரங்களில் கூலிக்குப் பால் வெட்டினார். ஒருநாள் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எழுதிக் குடுக்கலன்னா அந்தப் பாதிக் கூப்பன்கூட வந்திருக்காது தம்பி. நல்லாயிருங்க."

பாவி நான், அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டேன்.

பின்னாளில் கூப்பன் திட்டமும் போனது. ராவுத்தர் கடை இப்போது துணிக்கடை. அந்த மூன்று ஏக்கரில் மரம் என்று ஒன்றுகூட இல்லை, வரிசையாக வீடுகள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அடுத்த தடவை பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று எத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்! இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?