இரண்டாவது காயில்

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஜூன் மாதம் இருட்டப் பத்து மணி ஆகும். கிளென் ஸ்டேதர்ஸுக்கு மட்டும் நாள் ஏழு மணிக்கே முடிந்துவிடும். வெளியே வெயில் அப்படியே இருக்கும். பின்சந்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள். யாரோ கரி மூட்டி சாசேஜ் சுடும் வாசனை மதில் தாண்டி வரும். கிளென் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலில் கைகளை ஊன்றி நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் வலது கணுக்காலில் ஒரு சாம்பல் நிறப் பட்டை இருந்தது. முன்னறை அலமாரியில், குடும்பப் படங்களுக்கு நடுவே, அந்தப் பட்டையைக் கண்காணிக்கும் பெட்டி இருந்தது. மாலை ஏழிலிருந்து காலை ஏழுவரை பட்டை வீட்டை விட்டுப் போனால் பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே அதிலிருக்கும் தொலைபேசி அடிக்கும். பெட்டியை மாட்ட வந்தவன் கிளெனை வீடு முழுக்க நடக்க வைத்து, சமையலறையின் பின்கதவருகே நிறுத்தினான். "இதுதான் கடைசி. இந்தப் படிய தாண்டினா நீங்க வெளிய போன கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளென் நாற்பத்தாறு வயதுக்காரன். காரில் கட்டி இழுத்துப்போகும் காரவான் வீடுகளைச் செய்யும் தொழிற்சாலையில் சோபாக்களுக்கு ஸ்பிரிங் பொருத்துவது வேலை. குடித்துவிட்டு ஓட்டியதற்காக உரிமத்தைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு நாள் விடிகாலை பஸ் வரவில்லை. வேலை போய்விடுமே என்று வேனை எடுத்தான். இரண்டாவது ரவுண்டானாவில் பிடித்துவிட்டார்கள். நான்கு மாதம் வீட்டுக்காவல். அவனுடைய அறைக்குச் சொந்தக்காரர் அந்தப் பெட்டியை வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி வைக்க ஒரு முகவரி இல்லையென்றால் சிறைதான். அப்போதுதான் அக்கா ஜெனீன் சரி என்றாள்.

ஜெனீன் முதியோர் இல்லத்தில் மாலை வேலை பார்ப்பவள். கணவன் இல்லை. மகள் மேஸிக்கு எட்டு வயது, ஆஸ்துமா. மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது.

"இவன விட நல்ல ஆளு கெடைக்காது. எங்கயும் ஓட முடியாது பாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கிளென் பையோடு வந்து இறங்கிய அன்று அவள் சிரிக்கவில்லை. "சிகரெட் வாசன வரக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவ மூச்சு திணறி ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்திருக்கா. அடுத்த தடவ உன்னால அப்படி ஆச்சுன்னா உன் பையி தெருவுல இருக்கும். அந்தப் பெட்டியும்தான்."

"சரி."

"சரின்னு சொல்றது உனக்கு ஈசி."

பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம் அது. பகலில் எப்படியோ சமாளித்தான். ஏழு மணிக்கு மேல்தான் கஷ்டம். பிடிக்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும், வெளியே போக முடியாது. கடையில், புகைக்குப் பதில் ஆவியை இழுக்கும் ஒரு சின்ன வேப் வாங்கினான். பழச்சாற்றை மோந்து பார்த்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தான். எத்தனை நடந்தாலும் அதே இரண்டு அறைகள்தான்.

தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்யும் கார்ல்தான் ஒரு மதியம், சிப்ஸ் தின்னும்போது, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பித்தளைக் குழாயை நீட்டினான்.

"இது உன் தாகத்த தீக்கும். ஆனா இதுல பாதுகாப்புன்னு ஒண்ணும் கெடையாது, தெரிஞ்சுக்க. உள்ள பேட்டரி, மேல நீயே கம்பிய சுருளா சுத்தி மாட்டுற காயில், அடியில பட்டன். நடுவுல மூளைன்னு ஒண்ணு கெடையாது."

"அப்ப உன்ன மாதிரி."

"என்ன மாதிரியேதான். அதான் சும்மா குடுக்கறேன்." கார்ல் விரலில் ஒட்டிய உப்புக்காரப் பொடியை நக்கினான். "எங்க சித்தப்பா பையன் கால்லயும் இந்தப் பட்டைய மாட்டினாங்க. பெட்டி எப்பயாவது அடிச்சா, குளிக்கிற தொட்டியில படுத்திருந்தேன்னு சொல்லு. இரும்புத் தொட்டிக்குள்ள இருந்தா பெட்டிக்கு ஆளு தெரியாதாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அன்று மாலையிலிருந்து கிளென் சமையலறை மேசையில் உட்கார்ந்தான். கைபேசியைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து, காயில் செய்யச் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்தான். மெல்லிய கம்பியை ஸ்குரூ டிரைவரின் தண்டில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இரண்டு முனைகளையும் திருகுகளுக்குள் விட்டு இறுக்க வேண்டும். காயில் வேறெந்த உலோகத்திலும் படக் கூடாது. பிறகு மீட்டரில் வைத்து எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். எண் சிறிதாக ஆக ஆக, காயில் பேட்டரியிலிருந்து அதிகமாக இழுக்கும். பேட்டரி தாங்கும் அளவுக்கு மேல் இழுத்தால் சூடாகும், சீறும், வெடிக்கும். எண் சரியாக இருந்தால் பட்டனை விட்டு விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். பிறகுதான் பஞ்சைக் கோத்து, ஆவியாகும் நிகோடின் திரவத்தை விட வேண்டும்.

முதல் காயில் நாய் கடித்துத் துப்பியது போல இருந்தது. நான்காவதில் கை பிடிபட்டது. வாழ்க்கை முழுக்க ஸ்பிரிங்கோடு பழகியவன் அல்லவா. கம்பி எப்போது சொன்னபடி கேட்கும், எப்போது எகிறும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது மணி எப்போது ஆனது என்று தெரியாமல் ஆகும் மாலைகளும் வந்தன. செய்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி ஆவியை விடுவான். கால் உள்ளேயே இருக்கும். பெட்டி பேசாமல் இருக்கும். ஜெனீன் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தாள், மேஸி மேலே தூங்கும்போது, முன்னறைக்குப் போகும் கதவைச் சாத்திக்கொண்டு.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒற்றைக் காயில் அவனுக்குச் சலித்தது. அந்தக் குழாயின் மேல்பகுதியில் இரண்டு காயில்களுக்கு இடம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, ஒன்றை மாட்டி மீட்டரில் பார்த்தான். எண் சரியாக இருந்தது. அதே கம்பி, அதே சுற்று, அதே போல் இன்னொன்றைப் பக்கத்தில் மாட்டினான். மறுபடி மீட்டரில் வைக்கவில்லை. சோபாவை ஒருவன் தூக்குவதற்குப் பதில் இரண்டு பேர் தூக்கினால் பாரம் பாதியாகும், பேட்டரிக்கு இது இன்னும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். நடப்பது நேர்மாறு. மின்சாரத்துக்கு இரண்டாவது காயில் இரண்டாவது வழி. ஓம் பாதியாகும், பேட்டரியிடமிருந்து இழுப்பது இரண்டு மடங்காகும்.

பட்டனை அழுத்தியதும் இதுவரை பார்க்காத அளவு ஆவி வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் போல விட்டான். கையில் குழாய் கதகதவென்று இருந்தது. நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

அப்போது மேலே மேஸி இருமினாள். கிளென் குழாயை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினான். அடியிலிருக்கும் பட்டனைப் பூட்ட ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்ப மறந்துவிட்டான். குழாய் தன் பாரத்தாலேயே தன் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றது.

மேஸி படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஏதோ நாத்தம் வருது."

பஞ்சு கருகிய வாசனை. அதோடு நகப்பூச்சு போல ஒரு இனிப்பு நெடி. கிளென் படியிறங்கினான். குழாயிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. தொட்டதும் விரல் சுட்டது. சீற ஆரம்பித்த பேட்டரியை என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு காணொளியிலும் சொல்லியிருந்தார்கள்: வெளியே, வெறும் தரையில் வை, தள்ளி நில்.

ஜன்னல் வழியே போட முடியாது. கீழே மூன்று குப்பைத் தொட்டிகள், மூன்றும் பிளாஸ்டிக், உள்ளே அட்டையும் காகிதமும். அதற்கு நேர் மேலே மேஸியின் அறை. கதவை ஒட்டிப் பிளாஸ்டிக் சறுக்குமரம், கொடியில் துணி. வெறும் சிமெண்ட் தரை என்றால் முற்றத்தின் கடைசியில், சந்துக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

அடுப்புக் கையுறையைப் போட்டு, குழாயைப் புடிங் சுடும் தட்டில் படுக்க வைத்து எடுத்தான். கதவைத் திறந்தான். படியருகே அவன் கால் தானாகவே நின்றது. இத்தனை நாள் பழக்கம் அது. பிறகு படியைத் தாண்டினான்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோது சந்தில் சைக்கிள் சங்கிலி சத்தம் கேட்டது. ஜெனீன் வேலை முடிந்து வருகிறாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்பக்கமாகத் திறக்கும். திறந்தால் அது தட்டின் மேல்தான் வந்து இடிக்கும். கிளென் சுற்றிப் போய்க் கதவில் தோளை வைத்துச் சாய்ந்தான்.

"யாரது? கிளெனா?"

"கதவ தொறக்காத."

"நீ எதுக்குடா வெளிய நிக்கிற? உள்ள போ."

"போனா நீ தொறந்துருவ."

"என் வீட்டுக் கதவ நான் தொறக்காம வேற யாரு தொறப்பா? போடா உள்ள, பெட்டி அடிக்கப் போகுது."

"பேட்டரி வெடிக்கப் போகுது, ஜெனீன். கதவுக்கு இந்தப் பக்கம் கெடக்கு."

"அந்த புகை சனியனா?"

"ஆமா."

"மேஸி?"

"மேல இருக்கா. இருமினா, மருந்து குடுத்தேன். கொஞ்சம் தள்ளி நில்லு."

அவள் தள்ளி நிற்கும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் குழாய் ஒரு முறை பெரிதாகச் சீறி, மூடியைக் கக்கியது. மூடி மதிலில் பட்டுத் தெறித்தது. தட்டிலிருந்து தீ முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. கிளென் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோளை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

மேஸி சமையலறைப் படியில் இரவு உடையோடு நின்றாள். "மாமா, பெட்டி அடிக்குது."

"வெளிய வராத. அதத் தொடாத."

தீ தணியவில்லை. முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. இருவரும் இந்தத் தட்டுக்கு அருகில் வரக் கூடாது. அவனும் இங்கே நிற்கக் கூடாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"எடுத்துட்டேன்" என்று மேஸி உள்ளேயிருந்து கத்தினாள். "நீங்க தீகிட்ட நிக்கிறீங்கன்னு சொல்லிட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெனீன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

தீ அணைந்து, சீறல் நின்று, தட்டில் கரிக்கட்டை மட்டும் மிஞ்சிய பிறகுதான் கிளென் தோளை எடுத்தான். ஜெனீன் தட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி, மேஸியைத் தூக்கிக்கொண்டாள். கிளென் பெட்டியின் தொலைபேசியைக் காதில் வைத்தான். இளம்பெண் குரல்.

"மிஸ்டர் ஸ்டேதர்ஸ், குழந்த தீன்னு சொல்லுது. தீயணைப்பு வண்டிக்கு சொல்லவா?"

"வேணாம். அணைஞ்சிருச்சு."

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"கொஞ்ச நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

வாசலில் நின்ற ஜெனீன், மேஸியின் தலைக்கு மேலே, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். குளியல் தொட்டி. மாடியைக் கையால் காட்டவும் செய்தாள். கிளென் அவளைப் பார்த்தான். மேஸியும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி முத்தத்துல, சந்துக் கதவுகிட்ட" என்றான். "பேட்டரி ஒண்ணு தீப்பிடிச்சிருச்சு. வீட்டுக்குள்ள வெச்சுக்க முடியல."

விசைகளைத் தட்டும் சத்தம். "பதிஞ்சிட்டேன். முடிவு எங்க கையில இல்லங்க. கூப்பிட்டு சொல்லுவாங்க."

மேஸி தூங்கிய பிறகு ஜெனீன் சமையலறைக்கு வந்தாள். கிளென் பையை எடுத்துக் கதவருகே வைத்திருந்தான்.

"அது எதுக்கு அங்க இருக்கு?"

"நீதான் சொன்னியே."

"சிகரெட்டுக்கு சொன்னேன். தீக்கு ஒண்ணும் சொல்லல." அவள் உட்கார்ந்தாள். "அது எங்க அம்மா புடிங் தட்டு."

"உனக்கு அம்மான்னா எனக்கும் அம்மாதான்."

"பேசாத. தொட்டியில இருந்தேன்னு சொல்றதுக்கு என்ன?"

"மேஸி ஏற்கெனவே சொல்லிட்டாளே. அவள பொய்யாக்கணுமா?"

ஜெனீன் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

அந்த வாரம் முழுக்க கிளென் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போனான். முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த முறை எச்சரிக்கை, அடுத்த முறை எந்தக் காரணமும் கேட்காமல் கோர்ட். இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

சனிக்கிழமை ஜெனீன் கடையிலிருந்து சின்னத் திரை வைத்த ஒரு வேப் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "இதுக்குள்ள மூளை இருக்காம். காயில் தப்பா இருந்தா வேலை செய்யாதாம். கடைக்காரப் பொண்ணு சொல்லிச்சு."

கிளென் கார்லின் கம்பியை எடுத்தான். வேண்டுமென்றே, அன்று போலவே, இரண்டு காயில்களைச் சுற்றிப் புது வேப்பின் மேல்பகுதியில் மாட்டினான். இந்த முறை இரண்டையும் சேர்த்து மீட்டரில் வைத்தான். அவன் பார்க்காமல் விட்ட எண் அங்கே இருந்தது, சரி பாதி. மேல்பகுதியைத் திரை வேப்பில் பொருத்திப் பட்டனை அழுத்தினான். திரையில் மறுப்பு வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி மறுப்பு.

"சொல்றத கேக்க மாட்டேங்குது" என்றான்.

"நல்லது" என்றாள் ஜெனீன், இல்லத்துக்குக் கிளம்பிக்கொண்டே. "வீட்டுல ஒண்ணாவது அப்படி இருக்கட்டும்."

அவள் போன பிறகு ஒரு காயிலைக் கழற்றி எறிந்தான். முன்னறையில் பெட்டியின் சின்ன விளக்கு பச்சையாக இருந்தது. மணி எட்டரை, வெளியே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். சமையலறைக் கதவைத் திறந்து, நாற்காலியைப் படிவரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முற்றத்தின் கடைசியில் சிமெண்டில் கரி வட்டம் தெரிந்தது. இங்கிருந்து நாலே எட்டுத் தூரம். கால் கட்டைவிரலைப் படியின் விளிம்புக்குக் கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, மடியிலிருந்த கம்பியை எடுத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தான்.