எதனோடும் இணையும் சர்வர்

துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகம். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும் என்னைத்தான். அதனால் பக்கத்து மேஜைக் காயல்பட்டினத்துத் தம்பி, தன் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ ஏற்பாடு செய்யவேண்டும் என்று வந்து நின்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

"வாப்பாவுக்கு லீவு கிடைக்கல அண்ணாச்சி. மகள கல்யாணக் கோலத்துல ஒரு தடவ பாத்துட்டாப் போதும்ங்காங்க."

அவனுடைய வாப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாம் நினைத்தவுடன் அழுத்திப் பேசும் வீடியோ கால் எதுவும் அங்கே போகாது. அவர் கம்பெனியின் கான்பரன்ஸ் சர்வர் மட்டும் வேலை செய்யும். ஆனால் அது பெரிய இடம். தனியாள் யாரையும் வாசலில் சேர்க்காது, இன்னொரு கம்பெனியின் சர்வர் வந்தால்தான் கதவைத் திறக்கும். எங்களிடமும் ஒரு சர்வர் இருந்தது. கொழும்புக்காரர்களோடு பேசுவதற்காக முதலாளி வாங்கியது. எப்போதாவது அதில் அவருடைய நெற்றி மட்டும் தெரியும்.

எதனோடும் இணையும் என்று இரண்டு சர்வரின் விளம்பரத்திலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நம்பி இணைத்தேன். எங்கள் பக்கம் திரை கறுப்பு, அவர்கள் பக்கம் பச்சை. எங்களுக்குச் சர்வர் விற்றவர்களுக்கு போன் போட்டேன்.

"நம்ம சைடு ஃபுல்லி கம்பாட்டிபிள் சார். பிரச்சினை அவங்க சைடு."

அந்தப் பக்கத்து ஆளும் இதையே, இதே பணிவோடு சொன்னார். இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு கம்பெனிக்கும் ஒற்றுமை இருந்தது. அப்டேட் போடச் சொன்னார்கள். போட்டேன், இருந்த பச்சையும் போயிற்று. வெறுத்துப்போய் பழைய வெர்ஷனுக்கே திரும்பியதும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் சத்தத்துக்கு மட்டும் சாதாரண போனில் அந்த மீட்டிங் நம்பரை அழைப்பது என்று முடிவாயிற்று. தம்பியின் போன் பேசுவதற்கு, என் போன் கேட்டுச் சரிபார்ப்பதற்கு.

நிக்காஹ் பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில். கூட்டத்தில் வைஃபை மூச்சுத்திணறும் என்று பக்கத்துக் கடையிலிருந்து கேபிள் இழுத்து லாப்டாப்பில் செருகி, அதை அலுவலகச் சர்வரோடு இணைத்திருந்தேன். வாப்பாவின் கம்பெனியில் எங்கள் சர்வருக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி, கொடுத்துவிட்டு விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார். இணைப்பு ஒருமுறை விட்டால் மறுபடி உள்ளே சேர்க்க ஆளில்லை.

நிக்காஹ் அருமையாக நடந்தது. மாப்பிள்ளை, நிக்காஹ் ஓதிய ஆலிம், சாட்சிகள், பேரீச்சம்பழத் தட்டு எல்லாம் கடல் தாண்டிப் போயின. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எல்லாரும் சாப்பிட எழுந்தபோது வாப்பாவின் குரல் வந்தது.

"மாப்புள்ளயப் பாத்தாச்சி. எம் மவ எங்கன?"

தம்பி திருதிருவென விழித்தான். மணப்பெண் நிக்காஹ் சபைக்கு வருவதில்லை. அவள் இரண்டு சந்து தள்ளி, வீட்டில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். இது அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அதனாலேயே எவரும் என்னிடம் சொல்லவில்லை. தம்பியும் கூடவே உட்கார்ந்து சர்வர், சர்வர் என்று அலைந்ததில் தங்கையை மறந்துவிட்டான். நாடு விட்டு நாடு படம் அனுப்பிய மேதைகள் நாங்கள், சந்து விட்டுச் சந்து அனுப்ப யோசிக்கவில்லை.

லாப்டாப்பை எடுத்தால் இணைப்பு போய்விடும். தம்பி தன் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். காலியான மண்டபத்தில் லாப்டாப்புக்கு முன் நான் மட்டும், என் போனைக் காதில் வைத்தபடி.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. அவசரத்தில் அண்ணன் ஒன்றும் விளக்காமல் போனை நீட்டியிருக்க வேண்டும். படமும் போகிறது என்று நினைத்துவிட்டாள்.

"வாப்பா, நான் தெரியுதேனா?"

அவர் திரையில் அப்போது இருந்தது நான்தான். வேர்வையில் ஒட்டிய சட்டையும் மழிக்காத முகமுமாக. அவர் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது. மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகா இருக்கா எம் மவ!"

அந்தப் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நான் தலையாட்டினேன்.