சின்ன சைஸ் இல்லாத நேவி

எங்கள் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் துணி வெட்டிய மாஸ்டருக்கு வேலை போயிற்று. கட்டிங் டேபிளில் ஒரு தப்பும் நடக்கவில்லை. தப்பு நடந்தது கம்ப்யூட்டர் அறையில். அப்போது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளிக்கு ஒரு மருமகன். அவர் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் ஒரு நிபுணர். பெங்களூர்க்காரர், முப்பது வயசிருக்கும். வந்த அன்றே எங்கள் டேட்டாபேஸைப் பார்த்து, இதையெல்லாம் மியூசியத்தில் வைக்கவேண்டும் என்று சிரித்தார். கூடவே மருமகனும் சிரித்தார். அவருக்கு அதில் என்ன புரிந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இனிமேல் ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் எக்ஸல் ஷீட் நேராக உள்ளே ஏறிவிடும், உட்கார்ந்து டைப் அடிக்க ஆள் தேவையில்லை என்றார்கள். அந்த ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிஸ்டத்தைக் கட்டி மேய்த்தவள்.

மியூசியம் என்றாரே, அதன் அருமை அவருக்கு எங்கே தெரியும். ஒரு கலருக்கு ஒரு ரெகார்டு. அதில் சைஸுக்கு ஒரே இடம். ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் வரிசையாக அந்த ஓரிடத்திலேயே உட்காரும். எத்தனை பீஸ் என்பதற்கு இன்னோர் இடம். எண்களும் அதே வரிசையில் நிற்கும். முதல் சைஸுக்கு முதல் எண், இரண்டாவதற்கு இரண்டாவது. எந்த இடத்தில் என்ன இருக்கிறது, அங்கே ஒன்றிருக்குமா பலவிருக்குமா, எது எதோடு ஜோடி என்பதையெல்லாம் எழுதிவைக்கும் பட்டியலுக்கு டிக்ஷனரி என்று பெயர். வெளியிலிருந்து வரும் விவரம் அதைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கும்.

நிபுணர் டிக்ஷனரியை அரை நாளில் எழுதி முடித்தார். சைஸும் எண்ணிக்கையும் ஜோடி என்று எழுதவில்லை. காலிக் கட்டம் வந்தால் தாண்டிப் போ என்றும் சொல்லிவைத்திருந்தார். குப்பை சேராதாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்கு எங்கள் கூடமே குப்பை. திரையை எட்டிப் பார்த்ததுமே, காலிக் கட்டம் வந்தால் எண்கள் இடம் மாறிவிடும் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்றுகூட இருந்தது.

அந்த வாரம் வந்த ஆர்டரில் நேவி ப்ளூ கலருக்கு மட்டும் ஸ்மால் வேண்டாம் என்று பையர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நிபுணரின் சாமர்த்தியத்தில் அந்தக் காலி இடம் காணாமல் போனது. மீடியத்தின் எண் ஸ்மாலுக்கு ஏறியது, லார்ஜின் எண் மீடியத்துக்கு ஏறியது, லார்ஜுக்கு ஒன்றுமில்லை.

கட்டிங் ஷீட்டை வாங்கிய மாஸ்டர் கத்தியைத் தொடவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுகிற மனுஷன் அவர். ஷீட்டும் கையுமாக எங்கள் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, நேவியில லார்ஜ் ஒண்ணுகூட இல்லீங்களே, சரிதானுங்களா?"

நிபுணர் தலையைக்கூடத் திருப்பவில்லை. சிஸ்டத்தில் உள்ளதுதான் ஆர்டர், போய் வெட்டுங்கள் என்றார். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். ஆர்டர் எல்லாம் என் கைவழியாக வந்த காலத்தில் நான் சரி என்றால்தான் வெட்டுவார்.

"இனி எல்லாம் அவருதானுங்க மாஸ்டர். என்னையக் கேக்காதீங்க" என்றேன்.

மாஸ்டர் போய் வெட்டிவிட்டார்.

பேக்கிங்கில் விஷயம் வெளியே வந்தது. யாரும் கேட்காத ஸ்மால் மலை மாதிரி குவிந்து கிடந்தது, லார்ஜ் ஒன்றுகூட இல்லை. அந்தச் சாயத் துணியும் தீர்ந்துவிட்டது. மறுபடி சாயம் போட்டால் அதே நிறம் வராது. நிபுணருக்கு விஷயம் உடனே புரிந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் டிக்ஷனரியைத் திருத்தி, ஷீட்டை மறுபடி ஏற்றி, சரியான எண்களோடு ஒரு பிரிண்டும் எடுத்துக்கொண்டு, மாஸ்டருக்குக் கொடுத்த ஷீட் இதுதான் என்று முதலாளி முன்னால் போய் நின்றார். மாஸ்டர் வைத்திருந்த பழைய ஷீட் வெட்டிய மிச்சத் துண்டுகளோடு எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. மாஸ்டர் தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்று அந்த ஆள் கூசாமல் சொன்னார். படித்த வாய், எதையும் கூசாமல் சொல்லும். மருமகன் ஆமாம் போட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். மாஸ்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி, நீங்க அந்த ரூம்லதானே இருந்தீங்க. மாஸ்டர் வந்து கேட்டாருங்களா?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று அதற்கடுத்தது வரும்.

"நான் கவனிக்கலீங்க" என்றேன்.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் மரியாதையாகத்தான் தள்ளுவார்கள். நாளையிலிருந்து வரவேண்டாமுங்க என்றார் முதலாளி.

நிபுணர் நல்ல பேரோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தார். நானும் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். அவர் விட்டுப்போன டிக்ஷனரிகளைத் திருத்த ஆள் வேண்டுமே. அந்த நிபுணரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் அன்று மாஸ்டர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் மேஜைப் பக்கம் வந்தார். வைது தீர்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வைதிருந்தால் தேவலை.

"வெசனப்படாதீங்க அம்மிணி. தப்புன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நீங்க சொல்லியிருப்பீங்கல்லங்க" என்றார்.