அரைமண்டியில் எடுத்த அளவு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. ஏகாம்பரம் மாஸ்டரின் மனைவி கன்னியம்மாள் பேசினார். குரலில் அழுகை இல்லை.

"மேடம், அவுரு பூட்டாரு. காலைல எழுந்து நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. இங்க கீறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். வெளிநாட்டுக்காரங்களுக்கு நீங்க சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். மாடியறை ஒன்றில் உட்கார்ந்து நாட்டிய உடை தைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய மறைவை எத்தனை ஊர்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது என்பது ஆழ்வார்பேட்டை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கடையின் மின்னஞ்சலைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. செங்கல்பட்டைத் தாண்டிப் போனதே இரண்டு முறைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஏகாம்பரம் மாஸ்டரிடம் தைத்துக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

என் மகளுக்கு முதல் நாட்டிய உடை தைக்க மயிலாப்பூர் மாட வீதியில் இருந்த அவர் கடைக்கு அழைத்துப் போனேன். அளவு நாடாவை எடுக்காமல், "உக்காரு பாப்பா" என்றார். அவள் முழங்கால்களை இரு பக்கமும் விரித்து மடக்கி, அரைமண்டியில் நின்றாள். "இன்னும் கீழ. டான்ஸ் மிஸ் முன்னாடி இப்டித்தான் நிப்பியா?" அவள் சிரித்து, இன்னும் தாழ்ந்தாள். அதன் பிறகே நாடா வெளியே வந்தது. எதற்கு இத்தனை சிரமம் என்று கேட்டேன். "சும்மா நிக்கிறப்ப எந்த டிரெஸ்ஸும் சரியாத்தான் கீறமாதிரி இருக்கும் மேடம். வேலை செய்றப்ப இன்னா ஆவுதுன்னு பாக்கணும்" என்றார். என் மகள் நான்கு வருடத்தில் நாட்டியத்தை விட்டுவிட்டாள். நான் அந்தக் கடைக்குப் போவதை விடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தி. நகரில் ஒரு பெரிய பட்டுக்கடை தன் தையல் பிரிவுக்கு அவரை அழைத்திருந்தது. சம்பளம் உண்டு, ஆனால் அவர் தைக்கும் உடையில் அந்தக் கடையின் பெயர்தான் இருக்கும். இன்னொன்று, கே.கே. நகரில் மைத்துனர் வீட்டு மாடியறை. அங்கே பெயர் அவருடையதாகவே இருக்கும். அதைப் படிக்க யார் படியேறி வருவார்கள் என்பதுதான் கேள்வி.

பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த வரதன் இதைத் தினமும் நினைவூட்டினார். "என்னய்யா ஏகாம்பரம், கோபுரத்தடிய விட்டுட்டு கே.கே. நகர் மாடியில போய் உக்காரப் போறீராமே. காக்காய்க்கா டிரெஸ் தைக்கப் போறீர்?"

"காக்கா வந்தாலும் அளவெடுத்துத்தான் நைனா தைப்பேன்" என்பார் மாஸ்டர். ஆனால் வரதன் உள்ளே போனதும் அவர் முகம் மாறிவிடும்.

அந்த டிசம்பர் இசை, நாட்டிய சீசனுக்கு வந்திருந்த ஒரு பெண், சிறுவயதில் அவரிடம் தைத்துக்கொண்டவர், இப்போது வெளிநாட்டில் நாட்டியப் பள்ளி நடத்துபவர், "உங்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தால் அங்கிருந்தே ஆர்டர் கொடுப்போம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே என் வீட்டு வாசலில் மாஸ்டர் நின்றார். ஆங்கிலம் எழுதித்தர ஆள் வேண்டும்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தருபவள். பொறுமையாக விளக்கினேன். தையல் என்பது தொட்டுப் பார்த்து நம்பும் தொழில். கம்ப்யூட்டரில் யாரும் பட்டைத் தொட முடியாது. பெரிய நிறுவனங்கள் பெருமைக்காகச் செய்வதை எல்லாம் நாம் செய்ய வேண்டியதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மாட வீதில போறவங்க அத்தினி பேரும் டான்ஸ் ஆடுறவங்களா மேடம்? முக்காவாசிப் பேரு கத்திரிக்கா வாங்கப் போறவங்க. நான் பாட்டுக்கு அவங்களப் பாத்துக்கினு உக்காந்துகினு கீறேன். இதுல அப்டி இல்லியாமே. தேடிக்கினு வர்றவங்க டான்ஸ் டிரெஸ்ஸுக்குன்னே வருவாங்களாமே."

எழுதித் தருகிறேன், நம்பித் தரவில்லை என்றேன். "நம்பிக்க அப்பால வரட்டும், மொதல்ல எழுதுங்க" என்றார்.

பிரௌசிங் சென்டர் நடத்தும் முரளியிடம் உட்கார்ந்து பக்கங்களைத் தயாரித்தோம். மேலே பிள்ளையார் படம் வேண்டும் என்றார் மாஸ்டர், வைத்தோம். புது இடத்துக்கு வழி போட வேண்டும் என்றார். "பஸ் ஸ்டாண்டுல எறங்கி, பூக்காரம்மாவ கேட்டா சொல்லும்னு போடுங்க." கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பூக்காரம்மாவை எப்படிக் கேட்பார்கள் என்றேன். "ஊருக்கு வர்றப்ப கேக்கட்டுமே" என்றார். அதையும் வைத்தோம். பட்டு நிறங்களின் புகைப்படங்கள் ஏறின. பிறகு, தன் கையால் எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார். எடுக்க வேண்டிய அளவுகள் பதினான்கு. அதில் எட்டு, அரைமண்டியில் இருந்தபடி எடுக்க வேண்டியவை.

இவ்வளவு நீளத்தை யார் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எட்டையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். வழக்கமான ஆறு அளவுகள் மட்டும் பக்கத்தில் ஏறின. படித்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். நான் செய்த அந்தத் தவறுதான் இந்த நினைவுகளுக்கெல்லாம் நடுவே நிற்கிறது.

தி. நகர்க் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் மாடியறைக்குக் குடிபோனார். இரண்டு மாதம் யாரும் படியேறவில்லை. மூன்றாம் மாதம் இணையத்தளத்தின் வழியே முதல் ஆர்டர் வந்தது. பதினாறு வயதுப் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு. மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையும். மாஸ்டரும் கன்னியம்மாளும் ஒரே வாரத்தில் தைத்து அனுப்பினார்கள். அடுத்து வந்தது அந்தப் பெண்ணின் தாய் எழுதிய கடிதம். உடையை அணிந்து நின்றால் அழகாக இருக்கிறது. அரைமண்டியில் உட்கார்ந்தால் தொடையில் பிடிக்கிறது, முன்பக்கத்து விசிறி மடிப்பு பாதிகூட விரியவில்லை. அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. முகம் தெரியாத கடையை நம்பியது தன் முட்டாள்தனம்.

அச்செடுத்த கடிதத்தை மாடியறையில் அவருக்குத் தமிழில் சொன்னேன். கடைசி வாக்கியத்தைத் தவிர்த்தேன். அவர் தாளைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வரி கீதே. முழுசா படிங்க மேடம். எனக்கு வந்த திட்டுல நீங்க பங்கு கேக்காதீங்க."

படித்தேன். பிறகு, அந்த எட்டு அளவுகளை அடித்தது நான்தான் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியும். கன்னியம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னார்: "இது போச்சின்னா அந்த தி. நகர்காரன் வாசல்லதான் போய் நிக்கணும்."

"அது அப்பால. இப்ப அந்தப் பொண்ணு ஆடணும்" என்றார் மாஸ்டர். "பதினாலையும் கேட்டு எழுதுங்க. வேற டிரெஸ் தைக்கிறேன், நம்ம செலவுல. எப்டி அளக்கறதுன்னு படம் போடுங்க."

படத்துக்கு யார் நிற்பது? மாஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

"இன்னாது? அம்பத்தாறு வயசுல என்ன அரைமண்டி போட வெக்கிறியா? முட்டி எழுந்திருக்காதுய்யா!"

"எழுந்திருக்கலன்னா அப்டியே உக்காந்துகினு மடிப்பு வெய்யி."

கன்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு தாழ்ந்து நின்றார். ஒவ்வோர் அளவுக்கும் மாஸ்டர் நாடாவைப் பிடிக்க, ஸ்டூடியோக்காரர் படமெடுத்தார். படங்களை முரளி ஏற்றியபோது நாங்கள் மூவரும் திரையின் முன் இருந்தோம். அந்த சென்டரின் இணைய வேகத்தில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். முதலில் கன்னியம்மாளின் கொண்டை வந்தது, பிறகு முகம், பிறகு இடுப்பு. அங்கேயே நின்றுவிட்டது. "முட்டி எங்கய்யா? அதுக்குத்தான இம்மாம் பாடுபட்டேன்" என்றார் அவர். சென்டரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் முட்டியும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது உடை அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு கடிதமும் புகைப்படமும் வந்தன. அந்தப் பெண் ஆழமான அரைமண்டியில் இருக்கிறாள்; விசிறி கரை முதல் கரை வரை முழுதாக விரிந்திருக்கிறது. மாஸ்டர் அந்தப் படத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிவிட்டு, "ஒண்ணுகூட சிக்கல" என்றார்.

அதற்கடுத்து அவர் கேட்டது என்னைத் திடுக்கிட வைத்தது. திட்டிய கடிதம், பாராட்டிய கடிதம் இரண்டையும் அந்த அம்மாளின் அனுமதியோடு தளத்தில் போடவேண்டும் என்றார். எந்தக் கடையாவது தன் தவறைத் தானே விளம்பரம் செய்யுமா என்று கேட்டேன்.

"மாட வீதில ஒருத்தர் வந்து சண்ட போட்டா நாலு பேரு பாக்குறாங்க. நாம சரி பண்ணிக் குடுக்கறதையும் அதே நாலு பேருதான் பாக்குறாங்க. அப்டித்தான் மேடம் கடைக்குப் பேரு வரும். இங்க தெருவே இல்லியே. நாமதான் தெருவப் போடணும்."

போட்டோம். அதன் பிறகு வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை, "இரண்டு கடிதங்களையும் படித்தோம்" என்றுதான் தொடங்கின. பதினான்கு அளவுகளில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. நான் நீளம் என்று அஞ்சிய பக்கத்தை எல்லோரும் கடைசி வரை படித்தார்கள்.

ஒருநாள் நான் மாடியறையில் இருந்தபோது அடையாறிலிருந்து ஒரு பெண்மணி மகளோடு படியேறி வந்தார். கையில் கன்னியம்மாள் அரைமண்டி போட்ட படத்தின் அச்சு. மயிலாப்பூருக்கு வாராவாரம் போகிறவராம். அந்தக் கடையைக் கவனித்ததே இல்லையாம். வெளிநாட்டிலிருக்கும் தங்கை சொல்லித் தெரிந்துகொண்டாராம். "வழி கிடைச்சதா?" என்றேன். "பூக்காரம்மாவைக் கேட்டேன்" என்றார். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதுதான் அவருடைய வெற்றிச் சிரிப்பு.

தி. நகர்க் கடைக்காரர்களும் வந்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பதினான்கு அளவு எடுப்பீர்களா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் நாட்டிய உடைகளைத் தைத்துத் தர வேண்டுமென்றார்கள். "லேபிள் நம்முது. ஒத்துக்கினா தைக்கிறேன்" என்றார் மாஸ்டர். ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்தவர் வரதன். "ஏகாம்பரம், எனக்கும் அந்த வெப்சைட்டுல ஒரு ஓரமா இடம் போட்டுத் தாருமேன்."

"காக்காய்ங்க நெறைய வரும் நைனா, பரவால்லியா?" என்றாராம் மாஸ்டர். வரதனை முரளியிடம் அழைத்துப் போனவரும் அவரே.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் திறந்த மின்னஞ்சலில் ஒரு புது ஆர்டர் காத்திருந்தது. முதலில் ஆர்டர் கொடுத்த அந்தப் பெண்ணின் தங்கைக்கு அரங்கேற்றமாம். காரியம் முடிந்த பிறகு கன்னியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அளவு பதினாலும் கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப தைக்கிறோம்னு எழுதுங்க. மடிப்பெல்லாம் என்னிக்கும் நான் வெச்சதுதான். என் போட்டோவ மட்டும் எடுத்துடாதீங்க."

விடைபெறும்போது ஒரு பழைய தாளை என் கையில் கொடுத்தார். மாஸ்டர் எழுதிய பதினான்கு அளவுகள், என் சிவப்புப் பேனா அடித்த எட்டுக் கோடுகள். அடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பச்சைச் சாக்குக்கட்டியால் அவர் ஒரு சிறு சரிக்குறி போட்டிருந்தார். இரண்டாவது உடை தைத்த நாட்களில் போட்டிருக்க வேண்டும். என்னிடம் அவர் அதைக் காட்டியதே இல்லை.

அந்தத் தாள் இப்போது என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. ஒருவர் சொல்வதைக் குறைக்கப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த எட்டுப் பச்சைக் குறிகளும் கண்ணில் படுகின்றன. பேனாவை மூடி வைக்கிறேன்.