பத்துக்கு ஐந்து

நில ஆவண அலுவலகத்தில் அதிகாரி முதல் வாட்ச்மேன் வரை அவளுக்கு வைத்த பெயர் 'ரெக்கார்டு அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம். இருபத்தெட்டு வருடமாக ஒரே அறை. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் பாக்கி. அதற்குள் கண்காணிப்பாளர் ஆகிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முன்பெல்லாம் வருடாந்திர மதிப்பீட்டை அதிகாரியே எழுதி, உறையில் ஒட்டி மேலே அனுப்பிவிடுவார். இந்த வருடம் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. செய்த வேலையை அவரவரே எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். தம்பட்டம் அடிக்க அக்காவுக்குக் கை கூசியது. 'கொடுத்த வேலையைச் செய்தேன்' என்று எழுதி, ஐந்து போட்டு அனுப்பிவிட்டாள். அடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அதிகாரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தானே எழுந்து வந்தார்.

"அக்கா, நீங்க அஞ்சு போட்டா நான் ஏழுக்கு மேல போட முடியாது, கம்ப்யூட்டர் விடாது. எட்டு இல்லன்னா பதவி உயர்வு லிஸ்ட்ல உங்க பேரே வராது. அஞ்சு மணியோட மூடிடுவாங்க."

"என்னைப் பத்தி நானே எப்படி சார் பெருசா சொல்லிக்கிறது? நீங்க பார்த்து எழுதக் கூடாதா?"

"நீங்க சொல்லவே வேண்டாம். நாங்க சொல்றோம், நீங்க அடிங்க" என்றாள் டைப்பிஸ்ட் பெண். வாய்த்துடுக்கு அதிகம் என்று வாரம் தவறாமல் அக்காவிடம் திட்டு வாங்குபவள்.

குழாய் உடைந்து அறையில் தண்ணீர் புகுந்தபோது, நானூறு கோப்புகளை அக்கா தாள் தாளாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் உலர்த்தியதை அவள் சொன்னாள். எழுதத் தெரியாதவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து மனு எழுதிக் கொடுப்பதை வாட்ச்மேன் சொன்னார்.

"நான் மட்டுமா செஞ்சேன்?" என்று அக்கா இழுத்தாள்.

"வழக்காடாம அடிங்கக்கா" என்று வாட்ச்மேன் அதட்டினார்.

கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் செய்த வேலைகள் அவை. இத்தனை வருடமும் இவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இந்த நன்றியை எந்த அலமாரியில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதிப்பெண் கட்டத்தில் விரல் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பது போட்டு அனுப்பினாள். மணி நாலே முக்கால்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டைப்பிஸ்ட் பெண்ணைப் பார்த்தாள். "நீ எவ்வளவு போட்டிருக்கே?"

அவள் தலையைக் குனிந்தாள். "அஞ்சு."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உட்காரு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நான் சொல்றேன், நீ அடி."