பத்ரிநாராயணனின் பொடி டப்பா

பத்ரிநாராயணனுக்குப் பொடி போடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பொடி டப்பா இருக்கும். உள்ளே இருப்பது மூக்குப்பொடியல்ல. மரக்கடையில் உளுத்துப்போன பலகையைத் தட்டினால் கொட்டுமே, அந்த மாவு.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவாமி அலமாரிக்கு ஒரு கும்பிடு போடுவார். பிறகு காபி குடிப்பார். பிறகு எதற்கோ போவதுபோல ஜன்னலோரம் போய், கொக்கியைக் கழற்றிவிட்டு, ஸ்கூட்டர் சாவியால் கதவைத் தட்டுவார். கொக்கி கழன்ற கதவு கடகடவென்று ஆடத்தானே செய்யும். அதற்கே சாவு வீட்டு முகம் ஒன்றை வரவழைத்துக்கொள்வார். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போன நேரம் பார்த்து டப்பா திறக்கும். ஒரு சிட்டிகை மாவு ஜன்னல் கட்டையில் விழும்.

"பாத்தேளா மாமா? செல் அரிச்சிருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல, மேல் தோல்தான் நிக்கறது."

செல் என்கிற கரையான் மண்ணைத்தான் விட்டுவைக்கும், மாவை அல்ல. மாடு கட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லிவிடும். ஆனால் அந்த வீடுகளில் மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள்தான் இருக்கிறார்கள். மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயையோ" என்று பத்ரி விற்கும் பிளாஸ்டிக் ஜன்னலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "இந்தக் குப்பைய நானே தூக்கிண்டு போயிடறேன், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று பத்ரி சொல்லும்போது கண் கலங்கியவர்கள்கூட உண்டு.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அந்தக் குப்பைக்குப் பரம்பரை முளைத்துவிடும். அந்தப் பக்கத்துப் புது அடுக்குமாடிகளில் குடியேறுகிறவர்கள் வேறு ஒரு தினுசு. பில்டர் போட்டுக் கொடுத்த ஜன்னலை, ஸ்டிக்கர்கூட உரிக்காமல் கழற்றி எறிந்துவிட்டு, "பழங்கால வீட்டு ஜன்னல் வேணும்" என்று அலைவார்கள். வாங்கியதைத் திறக்க வராதபடி சுவரில் புதைத்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காற்றுக்கு ஏ.சி. இருக்கிறது.

இரண்டு தரப்பையும் பத்ரி ஒரே மாதிரி இளக்காரமாகத்தான் பார்த்தார். மயிலாப்பூர்க்காரர்கள் அவருக்குத் தூங்குமூஞ்சிகள், அடையாறுக்காரர்கள் கொழுப்பெடுத்தவர்கள். நடுவில் தாம் ஒருவர்தான் மூளையோடு பிறந்திருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. மேற்கு மாம்பலத்தில் அப்பா விட்டுப்போன அவருடைய வீட்டில் மட்டும் நான்கு தேக்கு ஜன்னல்களும் எண்ணெய் பூசியபடி பளபளவென்று நின்றன. "கொசு புடுங்கறது, ஒரு வலை வெச்ச ஜன்னல் போடுங்கோளேன்" என்று மனைவி ஸ்ரீரஞ்சனி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக் விற்பவர், "தேக்கை எவனாவது கழட்டுவானாடி?" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஸ்ரீவத்சன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அடையாற்றில் ஆறாவது மாடியில் புது வீடு, தை மாதம் கிரகப்பிரவேசம்.

"நாலு ஜன்னல் வேணும் அங்கிள். நாலும் ஒரே வீட்டுதா இருக்கணும். பெயிண்ட் உரிஞ்சிருக்கணும், ஆனா அழுக்கா இருக்கக் கூடாது."

"அழுக்கில்லாத பழசுதானே? குடுத்துடலாம்."

"நல்லா வந்துடுத்துன்னா எங்க பிளாக் முழுக்க உங்களுக்குத்தான். எல்லாரும் என் வீட்டப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கா. லேட்டானா வேற ஆள் ரெடியா நிக்கறான்."

பத்ரிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு பிளாக் முழுக்க! அப்புறம் வீடு வீடாகக் காபி குடித்துக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் ஒரே அச்சில் நான்கு ஜன்னலுக்கு எங்கே போவது? அவருக்குத் தெரிந்து இரண்டே இடம்தான். ஒன்று, தன் வீடு. சொந்த வீட்டில் கை வைக்க அவர் என்ன மடையரா? மற்றது, காலமான பெரியப்பா மகனின் வீடு. அங்கே அண்ணன் மனைவி விசாலாக்ஷி தெருப்பக்கக் கூடத்தில் வீணை வகுப்பு எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள்.

அதுவரை உறவுக்காரர் வீடுகளில் அவர் டப்பாவைத் திறந்ததில்லை. மனசாட்சி உறுத்தியதால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உறவுக்காரர்கள் பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

மார்கழி நடுவில் ஒருநாள் போனார். சாவி தட்டியது, மாவு விழுந்தது. விசாலாக்ஷி குனிந்து பார்த்துவிட்டு, "துடைச்சுட்டாப் போறது, இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாள். பத்ரி வேறு வழியில்லாமல் கொஞ்சம் ஓங்கி அடித்தார்.

"செல் ஒரே எடத்துல நிக்காது மன்னி, நடக்கும். இன்னிக்கு ஜன்னல். நாளைக்கு உங்க வீணை."

விசாலாக்ஷியின் முகம் வெளுத்தது. மூலையில் உறை போட்டுச் சாய்த்திருந்த வீணையைப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

"அப்படின்னா இன்னிக்கே கழட்டிடேன்டா."

இன்றைக்கே கழற்றினால் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஸ்ரீவத்சன் வீட்டில் இன்னும் சுவர் பூச்சே முடியவில்லை. அதனால் பத்ரிக்குத் திடீரென்று சாஸ்திரம் ஞாபகம் வந்தது.

"மார்கழில ஆத்துல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது மன்னி. தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்ச மறுநாள் ஆளோட வரேன். அதுவரைக்கும் வீணைய மட்டும் தள்ளி வையுங்கோ."

சாமர்த்தியமாகப் பேசிவிட்ட திருப்தியில், வாசலில் ஸ்கூட்டரை உதைக்கும்போது அவருக்குப் பாட்டே வந்துவிட்டது.

சொன்னபடி பொங்கல் முடிந்த மறுநாள், ஜன்னல் பொருத்துகிற சுப்புராயனோடு குட்டி யானை வண்டியில் போய் இறங்கினார். தெரு ஓரத்தில் தார் கருகி வட்டமாக ஒரு கறை. அதை மிதித்துக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னல்களில் கம்பிதான் இருந்தது, கதவு இல்லை. கம்பிக்குப் பின்னால் மறைப்பாகக் கட்டியிருந்த பழைய பேனரிலிருந்து, யாரோ ஒரு சிஷ்யை அரங்கேற்ற அலங்காரத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"மன்னி, ஜன்னல் கதவெல்லாம் எங்க?"

"வாடா பத்ரி. உனக்கு வேலைய மிச்சம் பண்ணிட்டேன்." விசாலாக்ஷியின் முகத்தில் நிம்மதி. "செல் நடக்கும்னியா, எனக்குத் தூக்கமே வரல. மார்கழில ஆரம்பிக்கத்தானே கூடாது, கழிக்கலாமோன்னோ? போகின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? எதிர் பிளாட் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அத்தனையும் கழட்டி வாசல்ல போட்டுக் கொளுத்திட்டேன்."

"நாலையுமா?"

"ஒண்ண விட்டா அதுலேருந்து பரவாதா? கார்ப்பரேஷன்காரா வந்து எரிக்காதேங்கோன்னா. டயர், பிளாஸ்டிக்தானே கூடாது, இது மரம்னேன். போயிட்டா. என்னமா எரிஞ்சதுங்கறே! கற்பூரம் மாதிரி நின்னு எரிஞ்சது. தெருவே வந்து குளிர் காஞ்சது."

பின்னால் நின்ற சுப்புராயன் தலையைச் சொறிந்தான். பத்ரியின் டப்பாவை அவன் பல வீடுகளில் பார்த்தவன். பார்த்தும் பேசாமல் இருப்பதற்கு உண்டானதை வாங்கிக்கொள்பவன். யோக்கியன் ஒன்றும் இல்லை. இன்றைக்கு மட்டும் அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"இன்னா சார் இது, செல்லு அரிச்ச கட்டை அப்டியா எரியும்? எங்கூட்டாண்ட போட்டா பொகதான் வந்துகினு கீது."

"நீ அளவு எடுடா."

"எடுத்துகினுதான் கீறேன் சார். அளவு ஓடியா பூடும்?"

விசாலாக்ஷி சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். பத்ரி வாங்கிக்கொண்டு, பேனரையே பார்த்தபடி விழுங்கினார். அத்தனையும் நயம் தேக்கு என்று சொல்ல முடியுமா? சொன்னால் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். ஊரையெல்லாம் ஏய்த்த வாய்க்குள் பொங்கலும் முந்திரியும் மட்டும் உருண்டன.

"கண்ணு ஏன்டா கலங்கறது?"

"புகை மன்னி."

"போகிப் புகை இன்னிக்கா வரும்?" என்றவள், உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். "கொக்கி, கீல் எல்லாம் பித்தளை. எடுத்து வெச்சேன். நீயே வெச்சுக்கோ. எனக்காக இவ்வளவு அலையறே."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அங்கிள், ஜன்னல் கிளம்பியாச்சா? ஆசாரி வந்து காத்துண்டிருக்கார். இன்னிக்கு வரலேன்னா அந்த இன்னொரு ஆளக் கூப்பிட்டுடுவேன்."

"ஏத்திண்டே இருக்கோம்" என்றார் பத்ரி.

காலி வண்டி மேற்கு மாம்பலத்தை நோக்கிப் போயிற்று. எங்கே போகிறோம் என்று சுப்புராயன் கேட்கவில்லை. பத்ரியின் மடியில் இருந்த பித்தளை முடிச்சு மேடுபள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

வீட்டில் ஸ்ரீரஞ்சனி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்ரி சுவாமி அலமாரிக்கு ஒரு கும்பிடு போட்டார். தன் வீடு என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்றோ என்னவோ. ஜன்னலோரம் போனார். கொக்கியைக் கழற்றினார். எண்ணெய் பூசிய கதவை ஸ்கூட்டர் சாவியால் தட்டினார். முகம் தானாகத் தொங்கியது.

"ரஞ்சி, உள்ள போய் என் கண்ணாடிய எடுத்துண்டு வாயேன். செல் வெச்சுடுத்துபோல இருக்கு."

ஸ்ரீரஞ்சனி எழுந்திருக்கவில்லை. அவரைக்காயின் நாரை நிதானமாக உரித்துப் போட்டாள்.

"அந்த டப்பாவ வெளில எடுக்காதேங்கோ" என்றாள். "வாரா வாரம் உங்க சட்டைப் பையை உதறித் துவைக்கறவ நான்."

பத்ரியின் கை பைக்குள்ளேயே நின்றது. வாசலில் வண்டியை அணைக்காமல் சுப்புராயன் காத்திருப்பது கேட்டது.

"வலை வெச்ச ஜன்னல்தான். நாலுக்கும் வலை வேணும். சமையலுள்ளுக்கு ஒண்ணு தனியா" என்றாள் அவள். "அப்புறம் கழட்டச் சொல்லுங்கோ அவன."