எல்லா மேஜையிலும் என் வடிகட்டி

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹெப்பகோடியில் சொந்தமாக ஷெட் போட்டேன். என் வெல்டிங்கில் குறை சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சாயங்காலமானால் முட்டி வலிக்கிறது, பேசவும் அலுப்பாயிருக்கிறது.

என் மகள் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். நிர்வாகத்தார் முன்னால் ஒரு வகுப்பு நடத்திக் காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும். டிசைன் திங்கிங் என்று ஒரு முறையாம். கலங்கல் தண்ணீரால் யாருக்கு என்ன கஷ்டம் என்று பிள்ளைகளே விசாரித்து, அவர்களே யோசித்து வடிகட்டி செய்ய வேண்டுமாம்.

“பசங்க செஞ்சது ஒழுகிச்சுன்னா உன் மானம் போயிடும்,” என்றேன்.

“ஒழுகட்டும்பா. ஒழுகினாதான் ஏன்னு யோசிப்பாங்க.”

எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டீல் குழாயில் கூழாங்கல், மணல், கரி அடைத்து, அடியில் தண்ணீர் திறக்கத் திருகும் வைத்து ஒரு வடிகட்டி செய்தேன். அன்று காலையில் முதல் பஸ் பிடித்துப் போய், அவள் வருவதற்கு முன்னாலேயே அவள் மேஜையில் வைத்துவிட்டேன். அவள் வந்தபோது பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றிருந்தார்கள், நிர்வாகத்தாரும் உட்கார்ந்தாயிற்று.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லா மேஜையிலும் என் வடிகட்டிதான், பிள்ளைகள் பாட்டிலில் செய்தது. அதே அடுக்கு, அதே உயரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிர்வாகத்திலிருந்து வந்திருந்த அம்மாள் ஒரு பிள்ளையிடம் கரியை ஏன் அங்கே போட்டாய் என்று கேட்டார்.

“டீச்சர் மேஜைல அப்படித்தான் இருக்கு, மேடம்.”

அந்த அம்மாள் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சில்க் போர்டு ஸ்டாப் தாண்டி நான்தான் ஆரம்பித்தேன்.

“தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. நீ பாஸுப்பா. நான்தான் ஃபெயிலு.”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நிர்வாகத்தார் இன்னொரு வகுப்பு பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம்.

“என்ன வேணும் சொல்லு, செஞ்சு தரேன்.”

“செய்யவே வேணாம். ஷெட்டுல கழிச்சுப் போட்ட துண்டு பைப்பு, மூடி, வலை, எல்லாம் ஒரு மூட்டை குடு. எதையும் ஒட்டாத. நீயும் வராத.”

மறுநாள் ஷெட்டில் குந்திப் பொறுக்கினேன். ஒரு குழாயும் ஒரு மூடியும் அளவெடுத்தது போலப் பொருந்தின. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கழற்றித் தனித்தனியாகவே போட்டேன். என் ஷெட்டிலிருந்து முடிக்காமல் வெளியே போகும் முதல் சரக்கு. மூட்டையைக் கட்டிவிட்டு அதன்மேலேயே சாய்ந்தேன். டீ குடிக்க எழுந்திருக்கவும் தோன்றவில்லை.